ஒரு நூல் விலகல்

கூடாரம் ஒழுக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மலை ஏரிக்கு முகாம் போடக் கிளம்பிய ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பேருந்தின் முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மேகம் கறுக்கக் கறுக்க எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

பேருந்தை ஓட்டியவர் என் கணவர். என் பக்கத்தில், எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு நீலப் பையை எல்லைச் சுவர் மாதிரி நிறுத்திவைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள் அவருடைய தங்கை. இருபத்தேழு வயதாகிறது, வீட்டில் இன்னும் பாப்பாதான். அந்தப் பைக்குள் இருந்த கூடாரத்தைத் தைத்தவள் அவள். அதை ஆகாது என்று ஒதுக்கியவள் நான்.

நாங்கள் இருவரும் கூடாரம் தைக்கும் ஒரே கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போகிறோம். நீளமான ஒரு கூடம், நாற்பது தையல் மெஷின்கள், கடைசியில் கீழிருந்து விளக்கெரியும் ஒரு கண்ணாடி மேஜை. அந்த மேஜை என்னுடையது. மெஷினிலிருந்து வரும் ஒவ்வொரு கூரைத் துணியையும் விளக்கின் மேல் விரித்து, தையலை விரலால் தடவிக்கொண்டே போவேன். தைத்த இடத்தில் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதால், உள்பக்கம் தையலின் மேல் ஒரு டேப்பைச் சூடாக ஒட்டுவார்கள். தையல் அந்த டேப்பின் நடுவில் ஓட வேண்டும். ஒரு நூல் வரை விலகலாம். எங்கள் வேலையில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் சிவப்பு மெழுகுப் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு ஒதுக்கிவிடுவேன். ஒரே ஆளுக்கு ஒரு மாதத்தில் மூன்று வட்டம் விழுந்தால் மெஷினிலிருந்து எழுப்பி பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள்.

பாப்பாவுக்கு அந்த மாதம் இரண்டு விழுந்திருந்தன. இரண்டும் நியாயமான வட்டங்கள். காய்ச்சலோடு வந்து தைத்த நாட்கள். மூன்றாவது துணியில் விலகல் சரியாக ஒரு நூல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்படி எல்லையில் நிற்கும் துணியைப் பின்பக்கத் தண்ணீர்க் குழாயின் கீழ் பத்து நிமிடம் விரித்துப் பார்ப்பது வழக்கம். ஒழுகாவிட்டால் விட்டுவிடுவோம். அந்த வாரம் மட்டும் வேறு மூன்று பேருடைய துணியை அப்படிப் பார்த்து விட்டிருந்தேன்.

அவளுடையதை நான் குழாய்க்கு அனுப்பவில்லை. அன்று காலை டீ குடிக்கும்போது ஜிப் தைக்கும் அக்கா ஒருத்தி, "மேஜையில அண்ணி இருக்கும்போது நாத்தனாருக்கு என்ன கவலை?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேஜைக்குத் திரும்பியபோது நாற்பது மெஷின்களும் என் முதுகைப் பார்ப்பதுபோல் இருந்தது. பென்சில் தானாகப் போய் வட்டம் போட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். போட்டது நான்.

ஐந்து வாரமாகப் பாப்பா மற்றவர்கள் தைத்த கூடாரங்களை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்னை அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "செக்கர் மேடம், உப்பு எங்க இருக்கு?" "செக்கர் மேடம், குளிக்க இன்னும் எவ்வளவு நேரம்?" இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் இப்படி ஒரு பட்டத்தோடு குடியிருப்பது லேசான காரியம் இல்லை.

ஒதுக்கிய துணிகளையும் கூடாரமாக்கி மாதக் கடைசியில் கம்பெனி எங்களுக்கே மலிவாகத் தள்ளிவிடும். எங்களைக் கூட்டிப்போக வந்த என் கணவர் நிறம் பிடித்துப்போய் ஒன்றை வாங்கிவிட்டார். வீட்டில் பிரித்துப் பார்த்தால், உள்ளே என் வட்டம்.

"இது அந்த டென்ட்" என்றேன்.

"எந்த டென்ட்?"

"அந்த டென்ட்."

அவர் வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சமையலறையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தார். "இத்துனூண்டு வட்டத்துக்கா ரெண்டு பேரும் இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கீங்க? வர்ற சனிக்கிழமை மூணு பேரும் ஏரிக்குப் போறோம். நடக்க ஒண்ணரை மணி நேரந்தான். பேச்சே வேண்டாம்."

வெள்ளிக்கிழமை மாலை வந்து, சனிக்கிழமை தனக்கு டியூட்டி போட்டுவிட்டார்கள் என்றார். "அதனால என்ன? இது ரெண்டு பேர் டென்ட்னு அட்டையிலயே போட்டிருக்கு. நான் வந்தா எங்க படுக்கறது?" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடிக்கப் போனார். அந்த மலைப் பாதைப் பேருந்து அவருடையதுதான் என்பதும், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அதே இடத்தில் எங்களை ஏற்றிக்கொள்ளப்போவது அவர்தான் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

கூடாரம் ஒழுகிவிட்டால் என் வட்டம் சரி. நான் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மேகத்தைப் பார்த்து நான் கேட்டுக்கொண்டு வந்தது இதைத்தான்.

*

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய காவலறை. வயதான காவலர் நோட்டில் எங்கள் பெயரைக் குறித்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சாயங்காலம் மழை இருக்கும்மா. டென்ட் நல்ல டென்ட்தானே?"

"அத இவங்கள கேளுங்க சார்" என்றாள் பாப்பா. "இவங்கதான் செக்கிங்."

காவலர் என்னைப் பார்த்தார். நான் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

கூடாரப் பையை அவள் தூக்கிக்கொண்டாள். பாதி வழி நான் சுமக்கிறேன் என்றதற்கு, "வேண்டாம், என் டென்ட்தானே" என்றாள். போர்வை, அடுப்பு, பாத்திரம், ரொட்டி, அவித்த முட்டை எல்லாம் என் முதுகில். சுலபமான பாதை. சில இடங்களில் இருவர் கைகோத்து நடக்கும் அளவுக்கு அகலமாக இருந்தது. அந்த வசதி எங்களுக்கு வீண். அவள் பத்தடி முன்னால் போனாள், நான் அவள் முதுகுப் பையின் தையலைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். இடது வார் இணையும் இடத்தில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

மரங்களுக்கு நடுவே ஒரு மாதிரியான அமைதி இருந்தது. சத்தமே இல்லாத அமைதி இல்லை, சத்தங்கள் எல்லாம் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்ட அமைதி. எங்கோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. மேலிருந்து ஒரு தகப்பனும் ஐந்து வயதுப் பெண்ணும் இறங்கி வந்தார்கள். குழந்தை கையில் குச்சியோடு எங்களைக் கடந்துபோகும்போது, "இவங்க ஏன் தனித்தனியாப் போறாங்க?" என்று அப்பாவிடம் கேட்டது. "ஒருத்தங்க வேகமா நடக்கறாங்க, ஒருத்தங்க மெதுவா நடக்கறாங்க" என்றார் அவர். நல்ல மனிதர்.

ஓடையைத் தாண்டும் பலகை ஈரமாக இருந்தது. பாப்பா தாண்டிப் போய்விட்டு, திரும்பி நின்று, என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். கரை ஏறியதும் கையை எடுத்துக்கொண்டாள்.

"தேங்க்ஸ்."

"கீழ விழுந்தா உங்கள யாரு தூக்கிட்டுப் போறது? எனக்கு பேக்கிங் மட்டுந்தான் தெரியும்."

ஏரி சட்டென்று வந்தது. ஒரு திருப்பத்தில் பாறை விலகியதும் அங்கே இருந்தது, நாங்கள் வருவது முன்பே தெரிந்து மூச்சடக்கிக்கொண்ட மாதிரி. தண்ணீரில் மலை தலைகீழாக நின்றது. வேறு யாரும் இல்லை. நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தோம். பகையாளிகளாக நிற்பதற்கு அது தோதான இடமே இல்லை.

கூடாரம் அடிக்கும்போது அவள் கைகளைப் பார்த்தேன். கம்பியை நுழைப்பதும், துணியை இழுப்பதும், மூலையில் ஆணியை எந்தச் சாய்வில் இறக்குவது என்பதும் அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. இதற்கு முன் அவளும் என்னைப்போல ஒரு கூடாரத்துக்குள்ளும் படுத்ததில்லை. உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு வந்து, "வட்டம் இருக்கற பக்கம் நான் படுத்துக்கறேன்" என்றாள்.

"ஏன்? நான் படுக்கறேனே."

"ஒழுகினா என் தலையில ஒழுகட்டும். நீங்க நனையக் கூடாது, நாளன்னைக்கு வேலைக்குப் போகணும்."

குத்தல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

*

இருட்டும் முன் மழை வந்தது. முதலில் ஏரியின் மறுகரையில் வெள்ளையாக நின்றது. பிறகு தண்ணீரின் மேல் நடந்து எங்களிடம் வந்தது. ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்தோம். மழை கூரையில் இறங்கிய சத்தம் நாற்பது மெஷின்களும் ஒன்றாக ஓடுவதுபோல் இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டாள்.

"ஆளுக்கு ரெண்டு முட்டை" என்றேன்.

"எனக்கு ஒண்ணு போதும்."

"வேற எதுவும் இல்ல, சாப்பிடு."

"ஓட்டுல விரிசல் இருக்கே, செக்கர் மேடம். இத எப்படிப் பாஸ் பண்ணீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

கைவிளக்கைக் கூரையில் மாட்டியிருந்தோம். சிவப்பு வட்டம் அவள் முகத்துக்கு நேர் மேலே இருந்தது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அவசரத்தில் போட்ட வட்டம், முனைகள் ஒட்டவில்லை. மழை ஒரு மணி நேரம் நின்று பெய்தது. வட்டத்துக்குள் ஒரு துளி ஊறினால் துணி கறுக்கும், அதற்காகக் காத்திருந்தேன். கறுக்கவில்லை. பாப்பா விளக்கை அணைத்துவிட்டுப் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டாள். இருட்டிலும் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இப்போது சொட்டும், இப்போது சொட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு கட்டத்தில் மழை ஓய்ந்துவிட்டது. நான் உலர்ந்துபோய்க் கிடந்தேன். அப்படி உலர்ந்து கிடந்ததைப்போல் ஒரு தண்டனையை நான் அனுபவித்ததில்லை.

விடிந்ததும் எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. காற்று மழையை மறுபக்கமாக அடித்திருக்கலாம். அந்தத் தையலில் தண்ணீர் சரியாகவே பட்டிருக்காது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்கு இறங்கினேன். பனி தண்ணீரின் மேல் ஆவியாக எழுந்துகொண்டிருந்தது. அழகை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. பாத்திரம் நிறைய மொண்டு வந்து, வட்டம் இருக்கும் இடத்தை வெளியிலிருந்து கணக்குப் பண்ணி, தையலின் மேல் நிதானமாக ஊற்றினேன். மறுபடி போய் மொண்டேன். மறுபடி ஊற்றினேன். நான்காவது பாத்திரத்தில் கூடாரம் அலறியது.

"அண்ணி! என்ன பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா? என்ன பண்றீங்க வெளிய?"

ஐந்து வாரத்துக்குப் பிறகு வந்த அண்ணி. எதிர்பார்த்திருந்தது இப்படி இல்லை.

"வெளிய வராத! அப்படியே படுத்து மேல பாரு. சொட்டுதா?"

"எதுக்கு?"

"பாருன்னா பாரு."

இன்னொரு பாத்திரம்.

"சொட்டுதா பாப்பா?"

"இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா இல்ல." பிறகு, குரல் கொஞ்சம் மாறி, "இன்னொண்ணு ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினேன். பத்து வரை எண்ணினேன். ஏரிக்கும் கூடாரத்துக்கும் நடந்து நடந்து என் ஷூவும் சாக்ஸும் ஊறிப்போயின. பத்தாவது பாத்திரத்துக்குப் பிறகு ஜிப் திறந்தது. பாப்பா தலையை நீட்டினாள். முடி கலைந்திருந்தது, நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் காய்ந்திருந்தன.

"ஏரியில இன்னும் தண்ணி மிச்சம் இருக்கு" என்றாள்.

பாத்திரத்தைக் கீழே வைத்தேன். வைத்ததும் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

"அது ஒரு நூல்தான் பாப்பா. சரியா ஒரு நூல். கூட இல்ல. குழாய்க்கு அனுப்பியிருக்கணும். மத்தவங்களோடத அனுப்பினேன், உன்னோடத அனுப்பல. அன்னைக்கு டீ குடிக்கறப்போ ஜிப் அக்கா பேசினாங்க இல்ல, வீட்டு ஆளுன்னு விட்டுட்டான்னு எல்லாரும் சொல்லுவாங்கன்னு பயம். வேற யாரு தைச்சிருந்தாலும் அது பாஸ் ஆயிருக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். கோபம் வரும் என்று தோளை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"நான் கண் டாக்டர்கிட்ட போனேன், தெரியுமா?" என்றாள்.

"என்னது?"

"கண்ணு போச்சோன்னு நெனச்சேன். இல்லேன்னா கை. நம்ம அண்ணியே வட்டம் போடறாங்கன்னா அது தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன். டாக்டர் கண்ணு நல்லா இருக்குன்னுட்டார். அப்ப கைதான்னு முடிவு பண்ணேன். நீங்க கடைக்குப் போறப்பல்லாம் வீட்ல உக்காந்து பழைய தலகாணி உறையப் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுப் பாத்தேன். எனக்கு எதுவும் விலகற மாதிரி தெரியல. தெரியலையேன்னு இன்னும் பயமாப் போச்சு." ஈரக் கூரையை விரலால் தொட்டாள். "அதனாலதான் இத நானே தூக்கிட்டு வந்தேன். வட்டத்துக்குக் கீழ படுத்தேன். ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு எப்ப சொட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"நீ தூங்கிட்டேன்னு நெனச்சேன்."

"நீங்க தூங்கிட்டீங்கன்னு நான் நெனச்சேன்."

நான் அவளுடைய வேலையைத்தான் பிடுங்கினேன் என்று எண்ணியிருந்தேன். அவள் கையையே அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது. பாவம், ஐந்து வாரமாகத் தன் விரல்களைச் சந்தேகித்துக்கொண்டே எனக்கு உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள்.

மன்னிச்சிடு என்றேன். அவள் வெளியே வந்து, என்னைக் கடந்து, தண்ணீர் ஓரம் போய் உட்கார்ந்தாள். முகம் கழுவினாள். பிறகு இரண்டு கைகளையும் ஏரிக்குள் விட்டு, விரல்களை விரித்து, அவற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் அவை பெரிதாகத் தெரிந்திருக்கும். நான் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன். சர்க்கரை அவளுக்குப் பிடித்த அளவு. கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். டீ ஆறும் வரை தொடவில்லை. ஆறிய பிறகு குடித்தாள்.

*

கூடாரத்தை மடித்தது அவள்தான். பையை என்னிடம் நீட்டினாள். "இப்ப நீங்க தூக்குங்க." தூக்கினேன். ஈரத்தில் நேற்றைவிடக் கனம்.

இறங்கும்போது பக்கத்தில் நடந்தாள். ஓடைப் பலகை தாண்டியதும் நின்றாள்.

"திங்கக்கிழமை என்ன செய்யப் போறீங்க?"

"சார்கிட்ட சொல்லப் போறேன்."

எங்கள் சூப்பர்வைசர் சட்டைப் பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் வைத்திருப்பார். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ஸ்கேல் சார்தான்.

"என்னன்னு சொல்லுவீங்க?"

"நடந்ததச் சொல்லுவேன்."

"எப்படி? சொல்லுங்க பாப்போம்." கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டாள். நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை இடுக்கி, அவரைப் போலவே தொண்டையைச் செருமினாள். "ம்? என்னம்மா? வேலை நேரத்துல இங்க என்ன?"

"சார், ஒரு விஷயம் சொல்லணும்."

"சீக்கிரம் சொல்லும்மா. லோடு ஏத்தணும்."

"சார், பாப்பாவோட மூணாவது ரிஜெக்ட்... அது வந்து... ஒரு சின்ன..."

"சின்னதா? எவ்வளவு சின்னது? நூல் கணக்குல சொல்லும்மா." குச்சியை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஒரு நூல் சார். பாஸ் ஆகவேண்டிய துணி. நான் குழாய்க்கு அனுப்பாம வட்டம் போட்டுட்டேன்."

"ஏன் போட்ட?"

"வீட்டு ஆளுன்னு விட்டுட்டேன்னு சொல்லுவாங்கன்னு பயந்து."

"ஓஹோ. அப்ப உன் மேஜைய யாருக்குக் குடுக்கலாம்?"

குச்சி காற்றிலேயே நின்றது. அவளுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அது நிஜக் கேள்வி என்று உறைத்திருக்க வேண்டும். கை மெதுவாகத் தாழ்ந்தது.

"கேப்பாரா?" என்றாள் தன் குரலில்.

"கேப்பாரு."

"அப்பவும் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

குச்சியை மறுபடி சட்டைப் பையில் செருகினாள். "சரி, மறுபடி முதல்லேர்ந்து. 'வந்து', 'போயி'ன்னு இழுக்கக் கூடாது. அவருக்குப் புடிக்காது."

மீதிப் பாதை முழுக்க ஏழு முறை ஒத்திகை பார்த்தோம். மூன்றாவது முறை அழுதுவிட்டேன். அழுதால் சார் எழுந்து போய்விடுவார் என்று சொல்லி அதைத் தள்ளுபடி செய்தாள். காவலறையைக் கடந்தபோது காவலர், "டென்ட் தாங்குச்சாம்மா?" என்று கேட்டார். பாப்பா என்னைப் பார்த்தாள்.

"தாங்குச்சு சார்" என்றேன்.

பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் முன்பே பேருந்து வந்துவிட்டது. நாலைந்து பயணிகள் இருந்தார்கள். கதவைத் திறந்துவிட்டு என் கணவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். என் முதுகில் நீலப் பையைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

"என்ன, ஒழுகிச்சா?"

படியில் ஒரு கால் வைத்தபடி நின்றேன். பின்னால் பாப்பா காத்திருந்தாள், தள்ளவில்லை.

"இல்லங்க. நல்ல டென்ட். நான்தான் தப்பா வட்டம் போட்டேன். தெரிஞ்சே போட்டேன்."

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். முன் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். என் காதெல்லாம் சுட்டது.

முதுகில் அந்தக் குச்சி லேசாகக் குத்தியது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லணும் அண்ணி" என்றாள் பாப்பா. "அங்க மெஷினெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கும்."